காகிதத்தில் விடும் மருந்து

பழுப்பு டேப்பை மேலிருந்து கீழாகத்தான் ஒட்ட வேண்டும். கீழிருந்து மேலே போனால் நடுவில் காற்று சிக்கிக்கொள்ளும்; கடற்காற்றில் அரை மணி நேரத்தில் பிரிந்து தொங்கும். இருபத்திரண்டு வருடப் பழக்கம். செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். வலது கதவு முடிந்துவிட்டது. இடது கதவின் ரப்பர் விளிம்பில் பாதி வரை வந்திருந்தேன். சட்டைப் பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டு கையும் டேப்பில் இருந்ததால் எடுக்கவில்லை.

அவசரமாகத்தான் ஒட்டினேன். ஆனால் சுத்தமாக ஒட்டினேன். உள்ளேயிருந்து பாஸ்கர் கதவைத் தட்டத் தொடங்கியிருந்தான்.

வினிதா மேடம், குட்டி எங்கே என்று இதோடு மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். சொல்கிறேன். சொல்லாமல் எங்கே போகப்போகிறேன்? ஆனால் வரிசையாகச் சொன்னால்தான் அது உங்களுக்குப் புரியும். எழுதிக்கொள்கிறவர் நிதானமாக எழுதட்டும். நான் ஒரு வரியையும் மாற்றப்போவதில்லை.

என் பெயர் சாவியோ. வயது நாற்பத்தேழு. வீடு ராயபுரம். வேலை திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில். வெளிநாட்டிலிருந்து மரம் வந்தால் அதோடு பூச்சியும் புழுவும் வரும். அது இங்குள்ள மரத்தில் ஏறிவிடக் கூடாது. அதனால் கன்டெய்னரை மூடி, உள்ளே விஷவாயு விட்டு, ஒரு நாள் வைத்திருந்து திறக்க வேண்டும். யார்டில் அதை மருந்து என்போம். மருந்து விட்டாயிற்று என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதும் நான்தான். அந்தக் காகிதம் இல்லாமல் ஒரு கட்டைகூட கேட்டைத் தாண்டாது.

நான் காட்டைப் பார்த்ததில்லை, மேடம். எனக்குத் தெரிந்த மரமெல்லாம் படுத்திருக்கும் மரம்தான். ஆனால் கன்டெய்னர் கதவு திறந்ததும் ஒரு வாசனை வரும் பாருங்கள். எண்ணூர் பக்கமிருந்து வரும் நெடி, லாரிப் புகை எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு ஈரம் முகத்தில் அடிக்கும். பட்டையில் பாசி இருக்கும். பாசிக்குள் விரல் நகம் அளவு தவளை உட்கார்ந்திருக்கும். ஒரு முறை கட்டையின் மேல் ஒரு செடி பூத்திருந்தது. ஆறு நாள் கப்பலில், இருட்டில், வெட்டிப்போட்ட மரத்தின் மேல் அது பூத்திருக்கிறது. அதற்கும் மருந்து விட்டேன். அதுதான் வேலை.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. மருந்து விடும் முன் இரும்புக் கம்பியால் கன்டெய்னரை மூன்று முறை தட்டி, காதை வைத்துக் கேட்க வேண்டும். வெயிலுக்கு ஒதுங்கி உள்ளே தூங்கிப்போகிற ஏற்றுக்கூலி ஆட்கள் இருப்பார்கள். நான் ஒரு நாளும் தட்டாமல் விட்டதில்லை.

மார்ச் மாதம் வந்தது முதல் கன்டெய்னர். அது நின்ற மூலையை அதுவரை பார்த்துக்கொண்டிருந்தவர் ஓய்வு பெற்று, என்னை அங்கே மாற்றி ஒரு வாரம் ஆகியிருந்தது. பெரிய கட்டைகள், இரண்டு கைக்கு அடங்காதவை. சிலவற்றில் எண் பொறித்த சின்ன அலுமினியத் தகடு அடித்திருந்தது. நான் வழக்கம்போல் மூன்று தட்டு தட்டினேன். உள்ளே ஏதோ கேட்டது. தட்டுகிற சத்தம்தான். வெயிலில் தகரம் விரிந்தால் அப்படித்தான் சத்தம் வரும். மருந்தைத் திறந்தேன்.

மறுநாள் கதவைத் திறந்தபோது வாசலிலேயே கிடந்தது. குரங்கு மாதிரி, ஆனால் வாலில்லை. கை மட்டும் உடம்பைவிட நீளம். கறுப்பு முடி, கன்னத்தில் வெள்ளை. வயிற்றோடு ஒரு குட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. தாயின் விரல்கள் கதவின் ரப்பர் விளிம்பில், நான் டேப் ஒட்டியிருந்த இடத்துக்கு நேர் உள்பக்கம், செருகியிருந்தன. பின்னால் ஒரு கட்டையைக் குடைந்து, முனையில் மரத்தாலேயே மூடி செய்து அடைத்திருந்தார்கள். சுற்றிலும் காற்றுக்குத் துளை. அந்த மூடியை அது எப்படியோ உடைத்துக்கொண்டு கதவு வரை வந்துவிட்டது.

அதன் பெயர் கிப்பன் என்று அன்றைக்குத்தான் போனில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். கடலுக்கு அந்தப் பக்கம், தீவுகளின் மழைக்காட்டில் இருப்பது. தரையில் கால் வைக்காது. பிறப்பது, வளர்வது, சாவது எல்லாம் மர உச்சியில். விடிகாலையில் ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடும். அந்தத் தகடுகள், வெட்டவே கூடாத காப்புக் காட்டில் மரங்களைக் கணக்கெடுக்கிறவர்கள் அடித்தவை. காட்டையும் வெட்டி, காட்டில் இருந்ததையும் அதற்குள்ளேயே அடைத்து அனுப்பியிருந்தார்கள்.

சரக்கை விடுவிக்க வந்தவன் பாஸ்கர். இறக்குமதிக் கம்பெனிக்காகக் காகிதம் எடுத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஓடுகிறவன். முப்பத்து நான்கு வயது, எப்போதும் இஸ்திரி போட்ட சட்டை, வாய் ஓயாது. வந்து பார்த்தான். தாயைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

"இன்னா நைனா, நெஜமாவே மருந்து வுட்டியா?"

"விடாம?"

"அய்யே. பேப்பர்ல வுடு நைனா, பேப்பர்ல. உனுக்கு முன்னாடி இருந்தவரு இன்னா, மெய்யாலுமே வுட்டுகினா இருந்தாரு? டேப்பு ஒட்டுவாரு, போர்டு மாட்டுவாரு, போட்டோ புடிப்பாரு, போய்க்கினே இருப்பாரு."

மேடம், அப்போதுதான் எனக்கு விளங்கியது. மண்டை ஓடு போட்ட அபாயப் பலகையை மாட்டிவிட்டால் அந்த மூலைக்கு ஒரு நாள் முழுக்க யாரும் வரமாட்டார்கள். அந்த நேரத்தில்தான் கட்டையைத் திறந்து உயிர்களை எடுத்து, காசிமேட்டில் மீன் ஏற்றும் ஐஸ் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோவது. வருடக்கணக்காக நடந்திருக்கிறது. யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான் வேலையை ஒழுங்காகச் செய்தேன். ஒழுங்காகச் செய்ததால் அந்த இரண்டும் செத்தன.

பாஸ்கர் சிரித்தான். "யார்டுல ஒரே ஒரு நேர்மையான ஆளு, அவன் கைல வந்து மாட்டிகிச்சே பாவம்."

அதை அவன் பிறகு எல்லோரிடமும் சொல்லியிருக்கிறான். டீக்கடையில் லாரி டிரைவர்கள் என்னைப் பார்த்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு, "நைனா வராரு, நெஜ மருந்து" என்பார்கள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

யார்டு மேனேஜர் தாமோதரன் செத்த இரண்டையும் கோணியில் கட்டச் சொன்னார். "சாவியோ, பேஜார் பண்ணாத. குப்பை லாரி கேட்டாண்ட நிக்குது, ஏத்தி வுட்டுடு." நான் ஏற்றவில்லை, வேறு யாரோ ஏற்றிவிட்டார்கள். நான் அலுமினியத் தகட்டைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு புகார் கொடுக்கப் போனேன்.

முதல் அலுவலகத்தில், மிருகம் என்றால் எங்களுக்குச் சம்பந்தமில்லை என்றார்கள். இரண்டாவது இடத்தில், யார்டுக்குள் என்றால் நாங்கள் வர முடியாது என்றார்கள். மூன்றாவது இடத்தில் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது மரத்து நம்பர்பா, கன்டெய்னர் நம்பர் எடுத்துனு வா" என்றார்கள். எடுத்துக்கொண்டு போனேன். வேறு ஆள் உட்கார்ந்திருந்தார். மறுபடி முதலிலிருந்து சொன்னேன். எழுத்தில் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். நகல் கேட்டார். நகல் எடுத்து வந்தபோது சாப்பிடப் போயிருந்தார். நான்காவதாக வந்தது உங்கள் வனவிலங்குக் குற்றத் தடுப்பு அலுவலகம். நீங்கள் உட்காரச் சொன்னீர்கள். தண்ணீர் கொடுத்தீர்கள். அதை மறக்கவில்லை. ஆனால் நீங்களும் ஒன்று கேட்டீர்கள்: "செத்த உடல் எங்கே? அது இல்லாமல் நான் எதை வைத்து வழக்குப் போடுவது?"

அதனால் கொடுங்கையூருக்குப் போனேன். இரண்டு நாள், என் மனைவி ஜானட்டிடம் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு. குப்பை மேட்டில் நடக்கத் தெரியாது எனக்கு. முழங்கால் வரை உள்ளே போனது. அங்கே பிளாஸ்டிக் பிரித்துக்கொண்டிருந்த அங்கம்மா என்கிற பெண்மணி என்னை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாத்த தேடிகினு கீற? செயினா, மோதரமா?"

"குரங்குமா. செத்த குரங்கு. கையி நீளமா இருக்கும். நாலு நாளைக்கி முன்னாடி குப்பை லாரில வந்துச்சு."

"நாலு நாளைக்கி முன்னாடி கொட்டுனதா? அது மேல நூறு லாரி கொட்டிட்டான். மனுசனப் போட்டாலே இங்க எடுக்க முடியாது, நீ கொரங்கத் தேடுற." பிறகு என் கையைப் பார்த்துவிட்டுத் தன் கையுறைகளில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தார். "இந்தா, இதப் போட்டுகினு தேடு. கண்ணாடி கீசிக்கப் போவுது."

கிடைக்கவில்லை. வெறும் கையோடு உங்களிடம் வந்தேன். நீங்கள் கோப்பை மூடவில்லை, ஆனால் திறக்கவும் இல்லை. மனுவுக்கு ஓர் எண் கொடுத்தீர்கள்.

ஏப்ரல் கடைசியில் இரண்டாவது கன்டெய்னர் வந்தது. வேறு கம்பெனி பெயர், அதே மாதிரி கட்டை, அதே பாஸ்கர். மூன்று தட்டு தட்டினேன். உள்ளேயிருந்து மூன்று தட்டு வந்தது. நான் மருந்தைத் தொடவில்லை. உங்களுக்குப் போன் செய்தேன். வந்தீர்கள். அன்றைக்கு நீங்கள் வந்தீர்கள், மேடம், அதுவும் ஒரு மணி நேரத்தில். கட்டையின் மூடியை நான்தான் திறந்தேன். நான்கு வயதுப் பெண் கிப்பன் என்று கால்நடை டாக்டர் சொன்னார். வெளியே வந்ததும் அது முதலில் செய்தது என்ன தெரியுமா? மேலே பார்த்தது. மரம் இருக்குமென்று நினைத்திருக்கும். யார்டில் கிரேன்தான் இருந்தது.

அம்மு என்று பெயர் வைத்தேன்.

பாஸ்கரை அன்று மாலையே விட்டுவிட்டார்கள். "எனுக்கு இன்னா மேடம் தெரியும், பேப்பர்ல மரம்னுதான் கீது" என்று உங்கள் எதிரிலேயே சொன்னான். இறக்குமதிக் கம்பெனியின் விலாசத்துக்குப் போய்ப் பார்த்தால் அங்கே ஒரு ஜெராக்ஸ் கடை இருந்தது. அம்மு மட்டும் மாட்டிக்கொண்டது. அதற்குத்தான் ஆதாரம் இருந்தது, அதுவே ஆதாரம். யார்டு கேன்டீனுக்குப் பின்னால் ஒரு நாய்க் கூண்டில் வைத்து, வழக்குச் சொத்து என்று அட்டை எழுதிக் கட்டினார்கள்.

விலங்குக் காட்சிச் சாலையில் எடுத்துக்கொள்ளக் கோர்ட் உத்தரவு வேண்டும். கோர்ட்டுக்குக் கோடை விடுமுறை. அதன் நாட்டுக்கே திருப்பி அனுப்ப, அது எந்தக் காட்டைச் சேர்ந்தது என்று ரத்தப் பரிசோதனை வேண்டும். பரிசோதனைக்கு எடுத்துப் போக இன்னொரு உத்தரவு வேண்டும். ஒவ்வொரு நாளும் உங்களுக்குப் போன் செய்தேன். "நாளைக்கு வந்துடும் சாவியோ, மேசைக்குப் போயிடுச்சு" என்பீர்கள். மேசைக்குப் போனது எழுந்து வரவே இல்லை.

நான்தான் தீனி வைத்தேன். பப்பாளி பிடிக்கும். திராட்சையைத் தோல் உரித்துத்தான் தின்னும். அதன் இனத்தின் பாட்டைப் போனில் போட்டுக் காட்டினேன். முதலில் பயந்தது. பன்னிரண்டாம் நாள் காலை ஆறு மணிக்கு அம்மு பாடியது. மெல்ல ஆரம்பித்து, ஏறி ஏறிப் போய், மேலே உடைந்து சிதறுகிற மாதிரி ஒரு சத்தம். வெளியே எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் வரிசையில் நின்ற லாரிகளிலிருந்து டிரைவர்கள் இறங்கி வந்து கம்பி வேலி ஓரம் நின்றார்கள். யாரும் மூக்கைப் பொத்தவில்லை. பதிலுக்கு இன்னொரு குரல் வர வேண்டும், அதுதான் அவற்றின் வழக்கம். அம்மு நிறுத்தி, காத்திருந்து, மறுபடி பாடியது. பிறகு பாடவில்லை.

பத்தொன்பதாம் நாள் செத்துப்போனது. மனிதரிடமிருந்து தொற்றிய சளி என்று டாக்டர் எழுதினார். எனக்கு அந்த வாரம் இருமல் இருந்தது உண்மைதான். அது வேறு. கடற்காற்றில் எல்லோருக்கும் இருமல்தான்.

உத்தரவு இருபத்தோராம் நாள் வந்தது. அதை நீங்களே கொண்டுவந்தீர்கள், கூண்டு முன்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். நான் மறுக்கவில்லை.

அன்று சாயங்காலம் பாஸ்கர் டீக்கடையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பன் வாங்கி டீயில் நனைத்தான்.

"ஒன்னு சொல்லட்டுமா நைனா, கோச்சிக்காத. உன் மருந்துல ஒரே நாள்ல போயிருக்கும். எங்கைல வுட்டிருந்தா எவனோ பணக்காரன் பங்களாவுல மாமரத்துல ஆடிகினு இருக்கும். நீ நல்லது பண்றேன்னு பத்தொம்போது நாளு இழுத்துகினு வந்து சாவடிச்ச."

கடையில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். எல்லோரும் கேட்டார்கள். ஒருவர் சிரித்தார். நான் காசு கொடுத்துவிட்டு எழுந்து வந்தேன். அவன் சொன்னது தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், நான் ஆத்திரப்பட்டுச் செய்யவில்லை என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். ஜூலை வரை நான் யாரிடமும் சத்தமாகப் பேசக்கூட இல்லை. ஜானட்டைக் கேளுங்கள். நான் யோசித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். கேட்டில் சொன்னால் கேட்பதில்லை. மேசையில் சொன்னால் கேட்பதில்லை. உயிரோடு ஒப்படைத்தால் கூண்டில் சாகிறது. அப்படியானால் இந்த வழியை எங்கே அடைப்பது? சரக்கை விடுவிக்கிற ஆள் ஒருவன்தான். அவனுக்குத்தான் கட்டை எது என்று தெரியும், எப்போது வரும் என்று தெரியும். வேலையை வேலையாகப் பார்த்தால் விடை எளிது.

அடுத்த முறை பாஸ்கர் பேச வந்தபோது, இனி பேப்பரில் விடுகிறேன் என்று சொன்னேன்.

அவன் என்னை நம்ப ஒரு வாரம் எடுத்துக்கொண்டான். பிறகு தோளில் கை போட்டான். "இப்பத்தான் நீ நம்ம ஆளு. இந்தத் தபா ஒன்னே ஒன்னு நைனா. குட்டி." போனில் படம் காட்டினான். கன்னத்தில் இப்போதுதான் வெள்ளை முளைக்க ஆரம்பித்த முகம். யாருடையதோ பெரிய கை அதைக் கழுத்தோடு பிடித்திருந்தது. அந்தப் படத்தைத்தான் நீங்கள் அவன் போனில் பார்த்திருக்கிறீர்கள். அதனால்தான் நேற்றிலிருந்து தேடுகிறீர்கள்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றுக்குக் கன்டெய்னர் மருந்து மூலைக்கு வந்தது. யார்டு ஆட்கள் முறைப்படி சீல் உடைத்துக் கதவைத் திறந்து என்னிடம் விட்டுவிட்டுப் போனார்கள். பாஸ்கர் மூன்றரைக்குத்தான் வருவதாகச் சொல்லியிருந்தான். நடுவில் நாலரை மணி நேரம் நான் மட்டும் இருந்தேன். ஒரு கட்டையைத் தேடி, மூடியைக் கழற்றி, குட்டியை எடுத்துச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போக அது தாராளம். கேட்டில் என் பையை யாரும் பார்ப்பதில்லை. நீங்கள் அதைக் கணக்குப் போட்டுத்தான் என் வீட்டுக்கு ஆள் அனுப்பியிருக்கிறீர்கள், சரியான கணக்குதான்.

உங்களுக்கு நான்கு முறை போன் செய்தேன். பத்து மணிக்கு, பன்னிரண்டுக்கு, ஒன்றரைக்கு, இரண்டுக்கு. எடுக்கவில்லை. கூட்டத்தில் இருந்ததாகப் பிறகு சொன்னீர்கள். இருந்திருப்பீர்கள்.

பாஸ்கர் சொன்ன நேரத்துக்கு வந்தான். கையில் ஐஸ் பெட்டி. டேப் ஒட்டி, பலகை மாட்டி, தேதியோடு போட்டோ எடுத்தோம். பிறகு டேப்பைப் பிரித்தேன். வாசலில் நின்று நாக்கைத் தட்டிவிட்டு, கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டான். அவன் முகத்தில் சிரிப்பு வந்தது.

"நைனா, செக்யூரிட்டி ரவுண்டு வருவான். நான் உள்ள பூந்ததும் கதவச் சாத்திக்க. அவன் போனதும் மூணு தட்டு தட்டு, வந்துர்றேன்." பெட்டியை வெளியே வைத்துவிட்டு, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, கட்டைகளுக்கும் தகரத்துக்கும் நடுவில் இருந்த சந்தில் ஒருக்களித்து நுழைந்தான். புதுச் சட்டை. அழுக்காகிவிடும் என்று வயிற்றை எக்கிக்கொண்டு போனான்.

கதவைச் சாத்தினேன். தாழ்க் கம்பிகளை இறக்கினேன். புது டேப் எடுத்தேன்.

வலது கதவு முடிகிற வரை அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. டேப் பிரிகிற சத்தம் கேட்டிருக்க வேண்டும். திரும்பி வந்து உள்ளேயிருந்து தட்டினான். "நைனா, தோஸ்து, இன்னா விளையாட்டு இது?" என்றான். "சாவியோண்ணே" என்றான். அதுவரை ஒரு நாளும் அண்ணே என்று கூப்பிட்டதில்லை. அப்போதுதான் போன் அடித்தது. முடித்த பிறகு எடுத்துப் பார்த்தேன். நீங்கள்தான். மூன்று ஐம்பத்தைந்து.

திருப்பிக் கூப்பிட்டிருக்கலாம். மருந்தை இன்னும் திறக்கவில்லை. ஆனால் நீங்கள் எழுத்தில் கேட்பீர்கள் என்று தோன்றியது.

கம்பியால் மூன்று முறை தட்டினேன். பழக்கம். மருந்தைத் திறந்தேன்.

வீட்டுக்குப் போனேன். ஜானட் சங்கரா மீன் குழம்பு வைத்திருந்தாள். சாப்பிட்டுத் தூங்கினேன். புதன்கிழமை இருபத்து நான்கு மணி நேரம் ஆனதும் விதிப்படி காற்றாட விட்டு, மீட்டர் வைத்துப் பார்த்து, பிறகு தாமோதரனைக் கூப்பிட்டுச் சொன்னேன். பாஸ்கர் வாசலோரம் இருந்தான். தாமோதரன் பலகையைப் பிடித்துக்கொண்டு, "அடப்பாவி, இன்னாடா பண்ணி வச்சிகீற" என்றார். நான் சான்றிதழை எழுதி அவரிடம் நீட்டினேன். அந்த மூலையிலிருந்து போன காகிதங்களில் பொய் இல்லாத காகிதம் அது. அவர் வாங்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். உடலை எடுத்துவிட்டுக் கதவைப் பூட்டி, தடயம் என்று சீல் வைத்துவிட்டீர்கள். கட்டைகளை யாரும் இறக்கவில்லை. ராயபுரத்தில் என் வீட்டைப் புரட்டினீர்கள். வண்ணாரப்பேட்டையில் ஜானட்டின் அக்கா வீட்டில் பீரோவைத் திறந்து பார்த்தீர்கள். குட்டிக்குத் தண்ணீர் இல்லாமல் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று டாக்டரிடம் நீங்கள் போனில் கேட்டது எனக்கும் கேட்டது. இதோ, மேசையில் பால் பாட்டில் வாங்கி வைத்திருக்கிறீர்கள். விடிந்ததிலிருந்து அதை இரண்டு முறை சூடு பண்ணிவிட்டீர்கள்.

குட்டியை எங்கே ஒளித்து வைத்திருக்கிறேன் என்று கேட்டீர்கள். ஒளித்து வைக்கவில்லை என்று சொன்னேன். இனி அதை யாரும் கூண்டில் வைக்க முடியாது என்று சொன்னேன். இரண்டும் உண்மை. நான் இந்த விஷயத்தில் பொய்யே சொல்லவில்லை.

இடது பக்கம், கீழிருந்து இரண்டாவது கட்டை. உள்முனையில் மூடி இருக்கும். செதுக்கிப் பொருத்தியது, பார்த்தால் தெரியாது, விரலால் தடவினால் தெரியும்.

ஆமாம், செவ்வாய்க்கிழமை காலை கண்டுபிடித்துவிட்டேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. காற்றுத் துளையில் விரலை வைத்தேன். உள்ளேயிருந்து ஒரு விரல் வந்து பிடித்துக்கொண்டது. குளிர்ச்சியாக இருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தோம். திராட்சை கொண்டுபோயிருந்தேன், தோல் உரித்து ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினேன். எல்லாவற்றையும் தின்றது. அதனால் பசியோடு இல்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். மூடியைத் திறக்கவில்லை.

நீங்கள் அப்படிப் பார்க்க வேண்டாம். நான் அந்தக் குட்டிக்காகத்தான் இத்தனையும் செய்தேன். அதற்காக, அம்முவுக்காக, கதவில் விரலைச் செருகிச் செத்த அந்தத் தாய்க்காக. இதைத்தான் நான் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் பாஸ்கர் எச்சரிக்கையான ஆள், மேடம். வாசலில் நின்று நாக்கால் ஒரு சத்தம் கொடுப்பான், அவனே என்னிடம் சொன்னது; கட்டைக்குள்ளிருந்து பதில் குரல் வந்தால்தான் காலை உள்ளே வைப்பான். குட்டியை நான் எடுத்திருந்தால், அவன் உள்ளே போயிருக்க மாட்டான்.